மஞ்சள் கப்பாசிற்றரின் கோடு

சிசிலி எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பிரெஞ்சு பேசும் மாகாணத்தில், புவாண்ட்-கிளேரில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக மின்சுற்றுப் பலகைகளில் உறுப்புகளை ஈயம் வைத்து ஒட்டிவந்தாள். அவள் கைபட்ட பலகை ஒன்றுகூடப் பிழையென்று திரும்பி வந்ததில்லை. கைப்பையில் ஒரு குறிப்புக் கொப்பி வைத்திருந்தாள். ‘றெசிஸ்ரர்: மின்னோட்டத்தைத் தடுக்கும். கப்பாசிற்றர்: மின்னைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும். டயோட்: ஒரு பக்கம் மட்டும் போகவிடும்.’ கல்லூரியில் மின்னணுவியல் படிக்கும் தங்கை றோசலினிடம் கேட்டு முத்து முத்தாக எழுதியவை. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது இந்தச் சொற்களை எடுத்துவிடாமல் அவளால் இருக்க முடியாது.

2005 ஏப்ரலில் றோசலின் இறுதிப் பரீட்சைக்காக ஒலிபெருக்கி ஒன்றுக்குப் பலகை செய்தாள். அவள் குளிக்கப் போன நேரம் சிசிலி பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். ஒரு சின்ன மஞ்சள் கப்பாசிற்றரில் கோடு போட்ட பக்கம் பலகையில் அச்சிட்ட பிளஸ் குறியில் நின்றது. தொழிற்சாலையில் அவள் ஒட்டியதெல்லாம் உருளைக் கப்பாசிற்றர்கள். அவற்றில் கோடு என்றால் மைனஸ். படித்த பிள்ளைக்கு இது தெரியவில்லையே என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. கழற்றித் திருப்பி ஒட்டினாள். சொன்னால் முகம் சுருங்குமென்று சொல்லாமல் விட்டாள்.

மறுநாள் கல்லூரியில் ஆசிரியர் மின்சாரம் கொடுத்ததும் அது வெடித்துப் புகைந்தது. பின்னேரம் றோசலின் கருகிய பலகையோடு வீட்டுக்கு வந்தாள்.

“மாறி ஒட்டியிருக்கிறன், அக்கா. இந்த மஞ்சள் சின்னதுகளிலை கோடு எண்டால் பிளஸ். தெரிஞ்சும் எப்பிடி விட்டனோ.”

பிழை தன்னுடையது என்று சிசிலிக்கு விளங்கியது. வாயில் வந்ததோ வேறு. “ஒட்ட முதல் ரெண்டு தரம் பார் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

றோசலின் தலையைக் குனிந்துகொண்டாள். ஆசிரியர் அவள் தாளில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தார். அந்தக் கிழமை முழுவதும் சிசிலி கொப்பியைத் திறக்கவில்லை.

ஞாயிறு வந்தது. அதே கல்லூரியில் மகளைப் படிக்கவிட்டிருந்த அக்னெஸ் கோப்பியோடு பக்கத்தில் வந்தாள்.

“என்ன சிசிலி, உங்கட எஞ்சினியர் வெடி கொளுத்தினவவாம்? பாலன் பிறக்கிற நத்தாருக்கு இன்னும் எட்டு மாதம் கிடக்கே!”

மண்டபம் சிரித்தது. றோசலினும் சிரித்தாள். “என்ர கைப்பிழை, அன்ரி. அக்கா சொல்லியும் நான் கேக்கேல்லை.”

சிசிலி கோப்பையை மேசையில் வைத்தாள். “அவளின்ர கை இல்லை. நான்தான் அவளுக்குத் தெரியாமல் கழற்றித் திருப்பினனான். பிழை எண்டு தெரிஞ்ச பிறகும் வாய் திறக்கேல்லை.”

சிரிப்பு நின்றது. றோசலின் அக்கா பக்கம் திரும்பினாள்.

“வேற எதையும் திருத்தினனீங்களோ?”

“இல்லையடி. அது ஒண்டுதான்.”

“இதை இஞ்சை சொல்லி என்ன? வாத்தியாரிட்டைச் சொல்லுங்கோ.”

திங்கட்கிழமை, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக வேலைக்குப் போகாமல், சிசிலி கருகிய பலகையோடு கல்லூரியில் ஆசிரியரின் அறை வாசலில் நின்றாள். தெரிந்த பிரெஞ்சை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கதவு திறந்தது.

“போன்ஜூர், மதாம்,” என்றார் ஆசிரியர்.

பதில் வணக்கம் சொல்லவும் மறந்துபோய், பலகையை நீட்டித் தன் நெஞ்சில் விரலை வைத்தாள். “முவா,” என்றாள். நான். பிறகு தலையை ஆட்டி, “பா எல்.” அவள் இல்லை.