போனில் பேசியவன்

இப்போது யார் போன் அடித்தாலும் அருப்புக்கோட்டைத் தியேட்டர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அன்று திரையில் போன் மணி அடித்ததும் பக்கத்தில் இருந்த அண்ணன் என் கையை இறுகப் பிடித்தார். வலித்தது. விடச்சொல்ல மனம் வரவில்லை. பரளச்சியிலிருந்து சென்னைக்குப் போய், யார் யாரிடமோ உதவி இயக்குநராகக் காலம் தள்ளி, ஒருவழியாக அண்ணன் எடுத்த முதல் படம். இது விழுந்தால் அடுத்தது கிடையாது என்று இருவருக்கும் தெரியும்.

உளவாளிக் கதை. எதிரி நாட்டுக்குள் நுழைந்த உளவாளியை அவனுடைய அலுவலகத்திலேயே ஒருவன் காட்டிக்கொடுக்கிறான். அந்தத் துரோகியின் குரலை மட்டும் போனில் கேட்போம். முகம் கடைசியில்தான் தெரியும். கதையைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

தயாரிப்பாளர் மல்லாங்கிணற்றில் கடை வைத்திருந்தவர், எங்களுக்கு முதலாளி. கதை சொன்னபோது போனில் பேசிக்கொண்டே தலையாட்டியவர். எல்லைப் பாலைவனம் வேண்டும் என்றதற்குத் திருச்சுழிப் பக்கத்துத் தரிசைக் காட்டினார். சீமைக்கருவேலம் தலைகாட்டாமல் படம்பிடிக்க அண்ணன் பட்ட பாடு கொஞ்சமில்லை. எதிரிப் படையாக வந்த உள்ளூர்க்காரர்கள் நெற்றி நிறையத் திருநீறோடு துப்பாக்கி பிடித்தார்கள். துடைக்கச் சொன்னால் முறைத்தார்கள். அதையும் சமாளித்தார்.

சமாளிக்க முடியாதது டப்பிங்கில் வந்தது. துரோகியின் குரலுக்குப் படத்தில் இல்லாத ஒருவர் வேண்டும்; முதலாளி ஆளே ஏற்பாடு செய்யவில்லை. உளவாளியாக நடித்த கதாநாயகன் தன் வசனத்தை முடித்துவிட்டுக் கிளம்ப இருந்தார்.

"இவுகளே அதையும் பேசிட்டுப் போகட்டும். போன்ல பேசுறவன் மூஞ்சியா தெரியப்போகுது?" என்றார் முதலாளி.

"ஒரு நா பொறுங்க மொதலாளி, வேற ஆளு கூட்டிட்டு வாரேன்."

"படம் வெளிய வரணுமா, வேண்டாமா?"

அண்ணன் துரோகியின் வசனத் தாளைக் கதாநாயகனிடம் நீட்டினார். பிறகு இதை அவர் என்னிடம் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் குரல்தான் அன்று தியேட்டரில் ஒலித்தது. எங்கும் சத்தமில்லை. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

"ஏலே, இது ஹீரோ கொரலுல்ல! அவன்தான்டா காட்டிக்குடுக்குறான்" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

அதன்பின் தியேட்டரே அந்தத் தப்பான கதையைத்தான் பார்த்தது. உளவாளி உயிருக்குப் பயந்து பதுங்கிய இடத்தில், "நடிக்கிறான் பாரு" என்று சிரித்தார்கள். கடைசியில் மேலதிகாரிதான் துரோகி என்று முகம் காட்டியபோது ஒரே கூச்சல்.

அண்ணனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முதலாளி அவர் காதருகே மெல்லச் சாய்ந்தார்.

"தம்பி, அப்ப நம்ம ஹீரோ துரோகி இல்லையா? நான் மொதல்லருந்து அவன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

"இல்ல மொதலாளி" என்றார் அண்ணன். "அவன் நல்லவன்."