பெறுநர், எட்டடி தூரத்தில்

போன வாரம் எதிர்வீட்டு மரியா, குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறதென்று மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதித் தரச் சொல்லி வந்தாள். தாமிரபரணியில் புதுத் தண்ணீர் வந்தால் கலங்கத்தான் செய்யும், பாவம், மாநகராட்சி என்ன செய்யும் என்று தோன்றியது. ஆனாலும் காகிதத்தை வாங்கி, பழக்க தோஷத்தில் இடப்பக்கம் இரண்டு விரற்கடை இடம் விட்டு மடித்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எழுதி, எந்தப் பழைய கடிதத்தைத் தொட்டு இதை எழுதுகிறோம் என்று சொல்லும் ‘பார்வை’க்கு வந்தபோது மரியா பொறுமை இழந்தாள்.

“தண்ணி சரியில்லன்னு சொல்லுததுக்கு இவ்வளவு சுத்தணுமாக்கா?”

சுற்றத்தான் வேண்டும். சுற்றியதால் ஒரு கடை பிழைத்ததைப் பார்த்தவள் நான்.

தட்டச்சில் தமிழும் ஆங்கிலமும் ஹையர் முடித்திருந்த கர்வத்தில், வண்ணார்பேட்டையில் பம்ப்செட் விற்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். உள்ளே நுழைந்தாலே கிரீஸ் வாசம். அதோடு என் மேஜையின் கார்பன் தாள் வாசம். பாபநாசம் பக்கத்து விவசாயிகள் பழுதான மோட்டாரைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, நோயாளியை இறக்குவதுபோலப் பைய இறக்குவார்கள். என் கைக்குட்டை மாதம் முழுக்க நீலமாகவே இருக்கும். அதையும் ஒரு பதவிச் சின்னமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாளிகள் இரண்டு பேர். விற்பனையைப் பார்த்தவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. பழுது பார்க்கும் பிரிவு அவருடைய மச்சினர் ஆறுமுகம் அண்ணாச்சியிடம். ஒரே அறையில் எட்டடி இடைவெளியில் இருவருக்கும் மேஜை. நடுவில் நான்.

ஆறுமுகம் அண்ணாச்சி மகளுக்குக் காதுகுத்து வந்தது. பத்திரிகையில் சொந்தக்காரர் எல்லார் பெயரும் இருந்தது, சங்கரலிங்கம் அண்ணாச்சியின் பெயர் மட்டும் இல்லை. அச்சாபீஸ்காரன் விட்டுவிட்டான் என்றார் மச்சினர். சங்கரலிங்கம் அண்ணாச்சி நம்பவில்லை. விசேஷத்துக்கும் போகவில்லை. மறுநாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

பேசாமல் எப்படிக் கடை நடத்துவது? சங்கரலிங்கம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். பெறுநர், ஆறுமுகம் அண்ணாச்சி. பொருள், சாத்தான்குளத்துக்காரர் மோட்டார் தாமதம். பெறுநருக்கும் முகவரி வேண்டுமா என்று கேட்டேன். அனுப்புநரின் அதே முகவரிதானே.

“போடும்மா. முறைன்னா முறைதான்” என்றார்.

அடித்து, எட்டடி நடந்து கொடுத்தேன். ஆறுமுகம் அண்ணாச்சி ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்திட்டு வாங்கி, நிதானமாகப் படித்துவிட்டு, நான் அடிப்பதற்குப் பதில் கடிதம் சொல்ல ஆரம்பித்தார். பார்வை, தங்கள் இன்றைய கடிதம். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. மின்விசிறி வேகத்தைக் குறைக்கக் கோரி ஒருவர் எழுதினார். கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாக மற்றவர் எழுதினார். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். இவ்வளவு சுத்தமான கடிதங்களை அதற்கு முன்னும் பின்னும் நான் அடித்ததில்லை.

ஒருநாள் மத்தியானம் ஆறுமுகம் அண்ணாச்சி சொன்ன பொருளைக் கேட்டதும் என் விரல் நின்றுவிட்டது. கூட்டு வணிகத்திலிருந்து விலகிக்கொள்வது தொடர்பாக. மூன்றே வரிக் கடிதம். அவர் பார்வை எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி வெகுநேரம் அந்த மூன்று வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

“பார்வையில ஒண்ணும் போடலியே. எதைத் தொட்டு இந்த முடிவுன்னு கேட்டுட்டு வா.”

எட்டடி நடந்தேன். கேள்வியைத் திரும்பச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அவருக்குக் கேட்டிருந்தது. பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

“காதுகுத்துப் பத்திரிகைன்னு போடும்மா. அதுல அத்தான் பேரை விட்டது அச்சாபீஸ்காரன் இல்ல. எழுதிக் குடுத்த நான்தான் மறந்துட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

இதையும் அடிக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து சங்கரலிங்கம் அண்ணாச்சி சொன்னார்.

“அடிக்காண்டாம்மா. காதுல விழுந்துட்டு.”

அப்புறம் அவரே எழுந்து வந்து, “ஏலே, சாப்பிட்டியா?” என்று கேட்டார். இல்லை என்றார் மச்சினர். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைக்க, முகமெல்லாம் நீலமானதுதான் மிச்சம். மறுநாள் முதல் வெறும் விலைப்பட்டியல்தான் அடித்தேன். சற்று ஏமாற்றமாக இருந்ததை இப்போது ஒத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகும் வெகுகாலம் சேர்ந்தேதான் கடை நடத்தினார்கள். சங்கரலிங்கம் அண்ணாச்சி காலமான மறு வருஷமே மச்சினர் கடையை மூடிவிட்டார். இப்போது அந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட செல்போன் கடை இருக்கிறது. எட்டடி எங்கே தொடங்கி எங்கே முடிந்ததென்று பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியவில்லை.

கடையை மூடிய கடைசி நாளில் எனக்கொரு அனுபவச் சான்றிதழ் வேண்டியிருந்தது. நீயே எழுதிக்கொள் என்று ஆறுமுகம் அண்ணாச்சி சொல்லிவிட்டார். நான் அடித்த கடைசிக் கடிதம் அதுதான். அதை அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. இடப்பக்கம் அத்தானின் கையெழுத்துக்கு இடம் விட்டு, வலப்பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். நானும் அப்படித்தான் இடம் விட்டு அடித்திருந்தேன்.