முயலின் ஐப்பசி வீடு

எட்டு வயதில், எங்கள் ஊரில் முயல்களைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை. அதற்குப் பிறகு வேறு எதைப் பற்றியும் அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய்க்கவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்புக் கம்பெனியில் மூன்று வருடமாகத் தினக்கூலி. பர்மனென்ட் லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்த வாரத்தில் அவருடைய சூப்பர்வைசர், காட்டு முயல் கறி தின்று எத்தனை காலமாயிற்று என்று பெருமூச்சு விட்டிருக்கிறார். மாமாவுக்கு அந்தப் பெருமூச்சு போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முயலோடு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, வலையைத் தூக்கிக்கொண்டு நேரே ஏரிக்குக் கிளம்பினார்.

“ஏரிக்கு இன்னாத்துக்கு மாமா போற? அங்க இப்ப இருக்காது.”

“சித்திரைல அங்கதான ஓடிக்கினு இருந்துச்சு? போடி, பேஜாரு பண்ணாத.”

சித்திரையில் ஓடியது நிஜம்தான். கோடையில் ஏரி வற்றினால் உள்ளே பசும்புல் முளைக்கும். முயல்கள் அங்கே குடியிருக்கும். ஐப்பசியில் தண்ணீர் ஏறினால் அவையும் ஏறி, கிழக்கே பனையும் காரைப்புதரும் மண்டிய மேட்டுக்குப் போய்விடும். இதைக் கண்டுபிடித்தது என் மேதாவித்தனம் அல்ல. பல்லாங்குழி ஆட எனக்கு முயல் புழுக்கை தேவைப்பட்டது. கோடையில் ஏரியில் பொறுக்குவேன். மழைக்காலத்தில் மேட்டில் பொறுக்கி, அடுப்போரம் காயவைத்து, அம்மாவிடம் அடி வாங்குவேன். என் ஆராய்ச்சி அவ்வளவுதான்.

இரண்டு நாள் ஏரிச் சேற்றில் நின்ற மாமாவுக்குச் சளி மட்டும் பிடித்தது. சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி வந்தார்.

“சரி, எங்கடி கீது உன் முயலு?”

மறுநாள் விடியலில், தூறலோடு மேட்டுக்குப் போனோம். எனக்கு நடக்கவே வரவில்லை, குதித்துக்கொண்டே போனேன். மாமா இரண்டு பனைகளுக்கு நடுவே வலையைக் கட்டினார். தகர டப்பாவைத் தட்டி முயலை விரட்டுவது என் பொறுப்பு. மேட்டை யாரோ அளந்து, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். ஒளிந்துகொள்ள அத்தனை வாகு. நட்ட புண்ணியவான்களுக்கு மனசுக்குள் நன்றி சொல்லி ஒன்றின் பின்னால் குந்தினேன்.

மாமா கையைக் காட்டினார். தட்டினேன். காரைப்புதர் வெடித்ததுபோல் ஒரு முயல் பாய்ந்தது! காதுகள் முதுகோடு படிய, நான் நினைத்த திசையில், நான் நினைத்த வலையை நோக்கி! இன்னும் நாலே எட்டு.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. “மாமா! நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!” என்று கத்திக்கொண்டு குறுக்கே ஓடினேன். முயல் என்னைப் பார்த்தது, சட்டென்று திரும்பியது, வெள்ளைக் கற்களுக்கு நடுவே புகுந்து மறைந்தது. வலையில் விழுந்தது நான்தான்.

“பாவி! என் வேலயே பூட்சேடி!” என்றார் மாமா, என் காலைச் சிக்கலிலிருந்து எடுத்துவிட்டுக்கொண்டே.

அழுதுகொண்டே வீடு திரும்பினேன். அம்மா எங்கள் கிழச் சேவலை அடித்து, எலும்பை நீக்கி, மிளகை அள்ளிப் போட்டு வதக்கித் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினாள். சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாராம். “காட்டு மேய்ச்சலே தனிதாம்ப்பா” என்றாராம்.

அடுத்த மாதம் மாமாவுக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. கம்பெனி எங்கள் ஊரிலேயே கட்டப்போகும் புது ஷெட்டில் வேலை. இனி பஸ்ஸே வேண்டாம், நடந்தே போய்விடலாம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தது நான்தான்.

ஷெட் எந்த இடத்தில் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. அடுத்த ஐப்பசியில் முயல் வரும்போது கத்தக் கூடாதே! அதற்காக வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து பழகினேன். எந்த வெள்ளைக் கல்லின் பின்னால் உட்காருவது என்பதைக்கூட முடிவு செய்து வைத்திருந்தேன்.