காரை விட்டு இறங்காதவர்

கதவின் மேல்விளிம்பைப் பிடித்திருக்கும் அப்பாவின் கைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தக் கார் வீட்டுக்கு வந்த முதல் கிழமை. வேட்டியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, பின் இருக்கையைத் தேடி உடம்பைத் தாழ்த்துகிறார். இருக்கை வருவதாக இல்லை. கடைசி அரை முழத்துக்குப் பிடியை விட்டுவிட்டுத் தொப்பென்று விழுந்தார். "நல்ல பஞ்சு மாதிரி இருக்கு" என்றார் என் கணவரைப் பார்த்து. இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஏறுவதே விழுவது போலிருந்தால் இறங்குவது எப்படியிருக்கும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

அது மின்சாரத்தில் ஓடும் சொகுசுக் கார். நீளமான, நிலத்தோடு ஒட்டினாற்போன்ற செடான். இவர் அதன்மேல் வைத்திருந்த பாசத்தைச் சொன்னால் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். எத்தனை செக்கனில் நூறைத் தொடும், ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் கந்தளாய்க்கு எத்தனை முறை போய்வரலாம், கதவின் கைப்பிடி எப்படித் தானாக வெளியே வரும் என்றெல்லாம் வருகிறவர் போகிறவருக்குச் சொல்லுவார். நூறைத் தொட இந்த ஊரில் தெரு எங்கே இருக்கிறது என்று நான் கேட்டால் மட்டும் காது கேட்காது. மாடுகள்போல் ஊருக்குள் திரிந்து நடுத்தெருவில் படுத்திருக்கும் மான்கள் சத்தமில்லாத அந்தக் காரைச் சட்டையே செய்வதில்லை. இவர் ஹோர்ன் அடித்து, அவை ஆறுதலாக எழும்பிப் போகும்வரை காத்திருப்பார். இத்தனை அளவுகளை நுனிநாக்கில் வைத்திருந்த மனிதருக்கு, இருக்கை நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற ஓர் அளவு மட்டும் தெரியாது.

அப்பா துறைமுகத்தில், பெரிய கப்பல்களை இழுத்துவரும் டக் படகில் சுக்கான் பிடித்தவர். அதே படகில் எஞ்சின் பார்த்தவர் கிண்ணியாவிலிருந்து வந்த நானா. வயதில் அப்பாவுக்கு மூத்தவர். அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்; எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அவர் நானாதான். பாலம் இல்லாத காலத்தில், காற்றுக்குக் கடலைக் கடக்கும் பாதைப்படகு ஓடாவிட்டால் எங்கள் வீட்டில்தான் படுப்பார். பெருநாளுக்குப் பெருநாள் அங்கிருந்து வட்டிலப்பம் வரும். பொங்கலுக்கு இங்கிருந்து பொங்கல் போகும். இடுப்பு எலும்பு முறிந்து, ஒப்பரேசன் முடிந்து, தடியோடு நடக்கத் தொடங்கிய பிறகும் அப்பா மாதம் ஒருமுறை ஆட்டோ பிடித்து நானாவைப் பார்க்கப் போய்வந்தார். ஆட்டோவில் ஏறி இறங்க அவருக்கு ஒருவரும் தேவைப்படவில்லை. "வீட்டில கார் நிக்கேக்க ஆட்டோவே மாமா?" என்று அதை நிறுத்தியவர் இவர்தான்.

கார் வந்து இரண்டு மாதத்தில் அப்பா வெளியிடங்களில் இறங்குவதை விட்டுவிட்டார். கலியாண வீட்டுக்கு வருவார், காருக்குள்ளேயே இருப்பார். மாப்பிள்ளையும் பொம்பிளையும் கண்ணாடியருகே வந்து ஆசி வாங்கிக்கொண்டு போவார்கள். கோயிலில் ஐயர் விபூதித் தட்டத்தோடு கார்வரைக்கும் வருவார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

"என்னப்பா, கவர்னர் மாதிரி உள்ளுக்க இருக்கிறியள்? சனம் என்ன நினைக்கும்?" என்று ஏசினேன்.

"கால் உளையுது பிள்ளை. நீ போட்டு வா" என்பார்.

வீட்டில் அதே கால் கிணற்றடிக்கும் கேற்றடிக்கும் நடந்து திரிந்தது. வீட்டு வாசலில் அவரை நானும் இவரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத்தான் காரிலிருந்து இழுத்தெடுப்போம். அதை வயதின் கோளாறு என்று நினைத்தேனே தவிர, காரின் கோளாறு என்று நினைக்கவில்லை.

நானா மௌத்தான செய்தி ஒரு காலையில் வந்தது. பின்னேரமே அடக்கம். மூவரும் போனோம். நானாவின் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முழுக்க ஆண்கள். நான் இறங்கி, பெண்கள் இருந்த உள்ளறைக்குப் போய், நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் நானாவின் மனைவியின் பக்கத்தில் இருந்தேன். மையத்தை, நானாவின் உடலை, சுமக்கும் சந்தூக்கைத் தூக்குகிற சத்தம் வெளியே கேட்டது. நான் திரும்பி வந்தபோது அப்பா பின் இருக்கையில், கண்ணாடியைப் பாதி இறக்கியபடி இருந்தார். நானாவுக்காகவாவது இறங்கி, முகம் பார்த்துவிட்டு வந்து ஏறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கக்கூட இல்லை.

அடுத்த பெருநாளுக்கு வட்டிலப்பம் வரவில்லை. துக்க வீடு, எப்படி வரும் என்று நானே சமாதானம் சொன்னேன். அதற்கடுத்த பெருநாளுக்கும் வரவில்லை. அன்று முழுக்க அப்பா கேற்றைப் பார்த்தபடியே கதிரையில் இருந்தார். மறுநாள் கந்தோரில் என்னோடு வேலை செய்யும் கிண்ணியாப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கோவிக்க வேணாம். உங்கட அப்பா பெரிய காருக்குள்ள இருந்தே மையத்த பாத்தவராம் எண்டு அங்க ஒரே கதை." நெருப்பை மிதித்ததுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். "ஓம், இறங்கேல்ல" என்றார். கதிரையைக் கேற்றுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பிறகுதான் கார் மாறியது. மழைக்குப் பள்ளமான தெருவொன்றில் செடானின் அடிவயிறு கல்லில் உரசிவிட்டது. பற்றரி இருக்கிற இடம் என்று கராஜில் சொன்னதும் இவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதைத் திருத்தி விற்றுவிட்டு, உயரமான, குடும்பத்துக்கென்று செய்த மின்சாரக் காரொன்றை எடுத்தார். குரோசோவர் என்கிறார்கள். "பாண் பெட்டி மாதிரிச் சதுரமா இருக்கு" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் ஓட்டிவந்தார். அப்பா கதவைத் திறந்தார், பக்கவாட்டில் அமர்ந்தார், காலை உள்ளே எடுத்து வைத்தார். ஒரு சுற்று போய்வந்ததும் காலை வெளியே வைத்தார், எழுந்து நின்றார். யாரும் தொடவில்லை.

நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்துத்தான் இவர் சொன்னார். பழைய கார் வந்த புதிதில் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் பிடித்து இழுத்தபோது அப்பாவின் வேட்டி அவிழ்ந்து விழுந்துவிட்டதாம். சுற்றிவரச் சனமாம். யாரோ சிரித்தார்களாம்.

"உமக்குச் சொல்ல வேண்டாம் எண்டு மாமா கையைப் பிடிச்சுக் கேட்டவர். நான் என்ன செய்யிறது?"

என்ன செய்வதா? காரை மாற்றியிருக்கலாமே! கல் உரசியதும் ஒரு மாதத்தில் மாற்ற முடிந்தவருக்கு, ஒரு மனிதர் ஒன்றரை வருடம் உள்ளே கிடந்தபோது ஏன் முடியவில்லை? அப்பாவும் இல்லாத இன்றைக்கும் எனக்கு அந்த எரிச்சல் அடங்கவில்லை. இவர்மேல் பாதி, வாசலில் நின்று கையைப் பிடித்து இழுத்தும் ஒன்றும் விளங்காத என்மேல் மீதி.

அடுத்த ஞாயிறு அப்பா வேட்டி சால்வையோடு தயாராக நின்றார். "கிண்ணியாவுக்கு விடு பிள்ளை." நான்தான் ஓட்டிப் போனேன். நானாவின் வீட்டு வாசலில் தானே இறங்கி, தடியை ஊன்றி உள்ளே நடந்தார். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். இருக்கச் சொன்னார்; அப்பா இருக்கவில்லை.

பிறகு ராத்தாதான் சொன்னார். "அண்டைக்கு ஒங்களுக்காகத்தான் மையத்தத் தூக்காம வெச்சிருந்த. 'அவன் வந்து மொகத்தப் பாத்த பொறகு தூக்குங்க' எண்டு அவர் மகனிட்டச் சொல்லிப் போட்டுத்தான் மௌத்தானவர். கார் வந்து நிண்டதக் கண்டு மகன் எல்லாரையும் நிப்பாட்டினவன். எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு நிண்ட."

எனக்குப் பொறுக்கவில்லை. "அது ராத்தா, அந்தக் கார்" என்று தொடங்கினேன். அப்பா கையை உயர்த்தினார்.

"கார் ஒண்டும் செய்யேல்ல பிள்ளை. நான்தான் இறங்கேல்ல."

ராத்தாவிடம் நானாவை அடக்கிய மையவாடிக்கு வழி கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். நான் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்தேன். அதைக் கடந்து ஒழுங்கையில் நடந்தார். பின்னாலேயே காரை ஊர விட்டேன். வெயில் கொளுத்தியது. பக்கத்தில் போய்க் கண்ணாடியை இறக்கி, "ஏறுங்கோ அப்பா, இதில ஏறுறது சுகம்தானே" என்று கெஞ்சினேன். அவர் தடியை ஊன்றி நடந்துகொண்டே இருந்தார்.