சப்பரச் சந்தில் ஓர் உடன்படிக்கை

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசைக்கு ஒரு வீச்சம் உண்டு. ஆடி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளின் விரல், சட்டை, தலைமுடி எல்லாவற்றிலும் அந்த வீச்சம்தான். ஏனென்றால் பதினெட்டாம் பெருக்கன்று காவிரிக்கு இழுத்துப் போகும் "சப்பரம்" என்ற குட்டித் தேருக்கு மூங்கில் சிம்பு கட்டி, கலர்க் காகிதம் ஒட்டி, நடுவில் பெருமாள் படம் வைக்கும் வேலையில் ஊறிக் கிடப்போம்.

ஐம்பதுகளின் கடைசி அது. பின் தெருவுக்கும் ஒரு சப்பரம் இருந்தது. அதற்குத் தலைவன் துரை. பொன்மலை ரயில்வேயில் வேலை பார்த்த அவன் அப்பா கடைந்து கொடுத்த சக்கரங்கள் சத்தமே இல்லாமல் உருளும், அந்த வயிற்றெரிச்சல் எங்களுக்கு. முந்தின வருஷம் யார் முதலில் போவது என்ற சண்டையில் இரண்டு சப்பரமும் நொறுங்கி, ஒருவனுக்குப் பல்லும் போயிற்று. இன்னொரு சண்டை வந்தால் இரண்டு தெருவுக்கும் இனிமேல் சப்பரமே கிடையாது என்று பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "விட்டுக் கொடுத்தவன் கெட்டுப் போனதில்லைடா" என்று பெரியப்பா தினமும் ஓதினார்; ஓதியவர் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு முழச் சுவருக்காகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

பெருக்கன்று காலையில் நாங்கள் ஆற்றுக்குப் போக, பின் தெருக்காரர்கள் ஆற்றிலிருந்து திரும்ப, படித்துறைக்குப் போகும் குறுகலான சந்தின் நடுவில் இரண்டு சப்பரமும் நேருக்கு நேர் நின்றன. ஒதுங்கவோ திருப்பவோ இடமில்லை. கிளம்பிய தேர் பின்னால் போகக் கூடாது என்பது எங்கள் சாஸ்திரம். இடுப்பளவுகூட இல்லாத சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்தான்; ஆனால் எவன் முதலில் தூக்குகிறானோ அவன் தோற்றவன் என்பதும் அதே சாஸ்திரம். இரு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றோம். ஒருவன் கல்லைப் பொறுக்கினான். பெரியப்பா வருகிறார் என்று பின்னாலிருந்து சேதி வந்தது. சப்பரம் இந்த வருஷத்தோடு போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது என் அக்கா ருக்கு முன்னால் வந்தாள். பத்து வயது, நல்ல பசி. சித்ரான்னக் கூடை ஆற்றங்கரையில் இருந்தது.

"நாங்க எங்க சப்பரத்தைத் தலைக்கு மேல ஏளப்பண்ணிக்கறோம். நீங்க அதுக்கு அடியில முதல்ல போங்கோ. உசரம் எங்களுக்கு, முதல் உங்களுக்கு." பெருமாளை மரியாதையோடு தூக்குவதற்கு எங்கள் பேச்சில் ஏளப்பண்ணுவது என்று பெயர்; அது தோல்விக் கணக்கில் வராது.

துரை, "அப்ப நாங்கதான் முதல்ல?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டான். நாங்கள் இரண்டு சுவரோரமும் வரிசையாக நின்று சப்பரத்தைப் பந்தல் போல உயர்த்திப் பிடிக்க, பின் தெருச் சப்பரம் சத்தமில்லாமல் அதன் கீழே உருண்டு போயிற்று. பெரியப்பா வந்து சேர்ந்தபோது, இரண்டு தெருப் பிள்ளைகளும் ஜெயித்துவிட்ட குஷியில் கத்திக்கொண்டிருந்தோம்.

பிற்பாடு வெளியுறவுத் துறையில் சேர்ந்து பல தேசங்களின் சண்டைகளுக்கு நடுவே உட்கார்வதே என் உத்தியோகமாயிற்று. ஒரு முறை போர் நிறுத்தப் பேச்சுக்கு வந்த இரு தரப்பும், யார் முதலில் அறைக்குள் நுழைவது என்று வெளியிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவர் முதலில் நுழையட்டும், மற்றவர் முதலில் பேசட்டும் என்றேன். இருவரும் சந்தோஷமாக உள்ளே வந்தார்கள். இதையெல்லாம் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தீர்கள் என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டார். ருக்குவைப் பற்றிச் சொன்னால் விளங்காது என்று சிரித்து வைத்தேன்.

ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டேன். அந்தச் சந்து இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. எங்கள் தெருவில் சப்பரம் இழுக்கும் பிள்ளைகள் இல்லை, சில ஆடிகளில் காவிரியில் தண்ணீரும் இல்லை. அது வருத்தம்தான். நான் பாடுபட்டு எழுதிய ஒப்பந்தங்களிலும் கிழிந்துபோனவை உண்டு.

போன ஆடியில் ருக்குவோடு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனபோது படியில் துரை உட்கார்ந்திருந்தார், தலையெல்லாம் வெளுத்து. என்னைப் பார்த்ததும், "என்னதான் சொல்லுங்க, அன்னிக்கு முதல்ல போனது நாங்கதான்" என்றார். "போனது எங்களுக்குக் கீழேயாக்கும்" என்றாள் ருக்கு. இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சர்க்கார் இத்தனை வருஷம் எனக்குச் சம்பளம் கொடுத்தது அதற்குத்தான்.