எண்ணாமல் விட்ட எலிகள்

எலியின் தலையை எதனால் வெட்டுவீர்கள் என்று அண்ணி என்னைக் கேட்டபோது அவருடைய கீழுதட்டில் இரண்டு தையல் போட்டிருந்தது. கத்தரிக்கோலால் என்றேன். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு அதுதான் வேலை. வளர்ந்த எலிக்கு ஒரு மருந்து ஏற்றுவோம். அதன் பிறகு மூளையில் புதிதாகப் பிறக்கும் உயிர்க்கலங்களில் மட்டும் அது அடையாளமாக ஒட்டிக்கொள்ளும். சில வாரங்களில் எலியை மயக்கிக் கொன்று, மூளையை எடுத்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, நுணுக்குக்காட்டியில் வைத்து அந்தக் கலங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எலி கொல்வதற்கும் ஒரு படிப்போ என்று ஊரில் பகிடி பண்ணாதவர்கள் இல்லை. அண்ணி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து இலுப்பைக்கடவைக்குத் திரும்பி, அண்ணாவும் அண்ணியும் மகளும் தகரக் கொட்டிலில் குடியேறியிருந்த காலம் அது. கடைசி மாதங்களில் விழுந்த ஷெல்லின் சிதறல் ஒன்று அண்ணாவின் நெற்றிக்குள் போய்த் தங்கிவிட்டது. எடுத்தால் ஆள் தப்பாது என்று டொக்டர்மார் கைவிட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் ஒரு கோழி உரிக்கவும் என்னைத்தான் கூப்பிடுகிற மனுசன். இப்போது சோறு குழைந்துவிட்டது என்று கொதிக்கிற சட்டியைத் தூக்கி அண்ணியின் மேல் எறிந்தார். கிணற்றடியில் முடியைப் பிடித்து இழுத்துக் கிணற்றுக் கட்டோடு தலையை மோதினார். அடித்து ஓய்ந்ததும், உனக்கு ஆர் அடிச்சது என்று அண்ணியிடமே கேட்பார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நான் லீவில் வந்த அன்று அண்ணி உடுப்பு மூட்டை கட்டி வைத்திருந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு மடுவில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போவதென்று முடிவெடுத்திருந்தார். பேசாமல் போக விட்டிருக்கலாம். படித்த திமிர், வாய் சும்மா கிடக்கவில்லை. வளர்ந்த மூளையிலும் புதுக் கலம் பிறக்கும், என் கண்ணாலே பார்த்து எண்ணியிருக்கிறேன், சக்கரத்தில் ஓடவிட்ட எலிகளுக்கு இன்னும் கூடப் பிறக்கிறது என்று அளந்து தள்ளினேன். அண்ணாவை நாளாந்தம் நடக்க வையுங்கோ என்றேன். அண்ணி மூட்டையை அவிழ்த்தார்.

விடிந்ததும் இருவரும் கடற்கரை வரை நடந்தார்கள். ஒரு மாதம் நல்ல செய்தியாகவே வந்தது. மகளின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடுகிறாராம், சத்தம் போடாமல் சாப்பிடுகிறாராம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிறகு ஒருநாள், நடந்து திரும்பிய கையோடு, வேலியில் சாத்தியிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, பிடியால் அண்ணியை அடித்திருக்கிறார். தடுத்த கை முறிந்தது. இடது கண் போயிற்று. அயலவர்கள் நாலு பேர் சேர்ந்து அவரைப் பூவரச மரத்தோடு கட்டித்தான் அண்ணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்று அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. தாடை வீங்கியிருந்ததால் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"தம்பி, அந்த ஓடின எலியளுக்குள்ள, மற்றதைக் கடிக்கிறது ஒண்டும் இருக்கேல்லையோ?"

இருந்தன. ஆண் எலிகளை ஒரே கூட்டில் விட்டால் சில ஒன்றையொன்று குதறிவிடும். கடித்ததையும் கடிபட்டதையும் பிரித்தெடுத்துக் கொன்றுவிடுவோம். சேர்த்தால் அளவு குழம்பும் என்பது எங்கள் கூடத்து வழக்கம்.

"இருந்தது அண்ணி. அதுகளை நாங்கள் எண்ணுறேல்லை."

"அதையெல்லோ எனக்கு முதல் சொல்லியிருக்க வேணும்" என்றார் அண்ணி.

ஆய்வுகூட வேலையை விட்டுவிட்டேன். அண்ணியும் மகளும் மடுவில் இருக்கிறார்கள். அண்ணா என்னோடு இருக்கிறார். போன கிழமை என் இரண்டு விரல்களை முறித்தார்.