சுடலைமுத்துவின் கைராசி

சுந்தரபாண்டியபுரத்தில் மருந்தடிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சுடலைமுத்து கையை விட்டுக் கலக்காத பூச்சிமருந்தை அந்த ஊரில் யாரும் வயலுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். வாளித் தண்ணீரில் மருந்தை ஊற்றி, வலது கையை முழங்கை வரை விட்டு மூன்று சுற்று சுற்றுவான். புழு யார் கலக்கினாலும் சாகும். விஷத்துக்கு ஆள் அடையாளமா தெரியும்? ஆனால் ஒரு வருஷம் சூரியகாந்தியில் யாருக்கும் அடங்காத புழு, அவன் கலக்கிய மருந்துக்கு அடங்கிவிட்டது. அதோடு கைராசிக்காரன் என்ற பேர் நின்றுவிட்டது.

அந்தப் பேர்மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. ஒரு செண்டு நிலம்கூட இல்லாதவனை நிலபுலமுள்ள பெரிய சம்சாரிகள் வீடு தேடி வந்து கூப்பிடுவது லேசுப்பட்ட விஷயமா? ஒரு தடவை மருந்துக்கடையில் கையுறை இலவசமாகக் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனான்.

"ஏலே, உறையைப் போட்டா ராசி உறையிலல்லா நின்னுக்கிடும்" என்றார் வயல்காரர் குற்றாலிங்கம் அண்ணாச்சி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுடலைமுத்துவும் சிரித்துக்கொண்டே கழற்றினான். அந்தக் கையுறை இன்னும் அவன் வீட்டுக் கூரை எரவாணத்தில் செருகியபடி இருக்கிறது.

வருஷம் போகப் போக மருந்து காட்டமாகிக்கொண்டே வந்தது. ஒரு மூடி போதும் என்றிருந்த இடத்தில் மூன்று மூடி ஊற்றினார்கள். பிறகு ரெண்டு மூன்று மருந்தை ஒரே வாளியில் சேர்த்தார்கள். புழு அதற்கெல்லாம் பழகிக்கொண்டது. அவன் கை முதலில் எரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவினான். பிறகு தோல் உரிந்தது. பிறகு எரிச்சல் தானாக நின்றது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டான், பாவம்.

போன மாசியில் அவன் மனைவி மாரிச்செல்வி ஆவி பறக்கிற சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுக் குழம்பு எடுக்கப் போனாள். வந்து பார்த்தால் பிசைந்துகொண்டே இருக்கிறான். விரலெல்லாம் சிவந்து கொப்பளம். அவள்தான் தென்காசிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் விரல் விரலாக ஊசியால் குத்திப் பார்த்தார்.

"நரம்பு செத்துக்கிட்டு வருது. இனி பூச்சிமருந்தைத் தொடவே கூடாது. தொடாம இருந்தா உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். கை எரிஞ்சா சந்தோஷப்படுங்க. நரம்புல உயிர் இருக்குன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து எரிச்சலுக்காகக் காத்திருந்தான். வேலைக்குப் போகவில்லை, மாரிச்செல்வி பீடி சுற்றி அடுப்பெரித்தாள். ஆனியில் சாரல் விழுந்ததும் அவனைப் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப் போனாள். மலையில் மூலிகை தொட்டு வருகிற தண்ணீர் எதையும் தீர்க்கும் என்று அவளுக்கு நம்பிக்கை. கூட்டத்தில் இடிபட்டு அவன் அருவிக்குக் கீழே நின்றான். தண்ணீர் உச்சந்தலையில் கல்லாக விழுந்தது. கையை நீட்டினான். யாருடைய கையிலோ விழுந்தது போலிருந்தது.

"குளிரு தெரிஞ்சுதா?" என்றாள், அவன் ஈரத்தோடு வெளியே வந்ததும்.

"லேசா" என்றான். சுத்தப் பொய். வீடு வந்து சேரும்வரை அவள் குற்றாலநாதரை வாய்விட்டுக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள்.

ஆடியில் குற்றாலிங்கம் அண்ணாச்சியே வீட்டுக்கு வந்தார். "டிரோன் வந்திருக்குலே. நீ டேங்க் சுமக்க வேண்டாம். வந்து ஒரு கலக்கு மட்டும் கலக்கிட்டுப் போ. முதல் மருந்து உன் கையாலதான் இறங்கணும்."

"அண்ணாச்சி, அந்தக் கையால மருந்தைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று மாரிச்செல்வி குறுக்கே வந்தாள்.

"ஒரு நிமிஷந்தானே தாயி."

சுடலைமுத்து சட்டையை மாட்டினான். "போவாதிய" என்றாள். அவள் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனான்.

வயலில் பூ பூராவும் மலர்ந்து நின்றது. வெளியூர்க்காரர்கள் வரப்பில் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிரோன் ஓட்ட இலத்தூரிலிருந்து வந்த பெர்சிஸ், கையுறையும் முகமூடியுமாக, ஒரு வாளியைக் காட்டினாள்.

"அண்ணே, டிரோனுக்குத் தண்ணி கம்மி, மருந்து கெட்டி. நீங்க முன்னால அடிச்சதைவிடப் பல மடங்கு காட்டம். கம்பை வச்சுக் கலக்குங்க."

கைராசிக்காக வந்திருக்கிறான் என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டிருந்தார். அவன் வந்தது வேறு ஒன்றுக்காக. ஐந்து மாதம் தொடாமல் இருந்தாயிற்று. நரம்பில் ஒரு பொட்டு உயிர் திரும்பியிருந்தாலும் இவ்வளவு காட்டத்துக்கு எரிந்தே தீரும். டாக்டரிடம் போய் மறுபடி விரலில் ஊசி குத்திப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. இந்த வாளி அவனுக்குப் பழகின வாளி. முட்டாள்தனம்தான். தெரிந்தேதான் கையை விட்டான்.

ஒரு சுற்று சுற்றினான். இன்னொன்று. மூன்றாவது சுற்றும் முடிந்தது, கையை எடுக்கவில்லை. வாளிக்குள்ளேயே வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"பாத்தியாம்மா, இவனை ஒண்ணும் செய்யாது" என்றார் அண்ணாச்சி, பெருமையோடு.

பெர்சிஸ் பொறுக்கமாட்டாமல் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, எரியலையா?"

சுடலைமுத்து சொட்டச் சொட்டக் கையை வெளியே எடுத்துப் பார்த்தான்.

"எரியணும் தாயி" என்றான். "எரியத்தான செய்யணும்."